கரை நகரும் ஆறு

மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், லூசியானா மாநிலத்தில், டி சோட்டோ முனை என்ற தாழ்நிலம் ஆற்றுக்குள் நீண்டிருந்தது. ஆறு அதை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடியது. எதிர்க்கரையில், வளைவின் வெளிப்புறத்தில், உயர்ந்த மேட்டின்மேல் விக்ஸ்பர்க் நகரம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அந்த மேடு முழுக்கத் தென்னகப் படையின் பீரங்கிகள். வளைவில் திரும்பும் கப்பல் எதுவும் அவற்றின் குறிக்குத் தப்ப முடியாது. வடக்குப் படையினர் ஒரு கணக்குப் போட்டார்கள். முனையின் கழுத்தில் ஒரு கால்வாய் வெட்டி ஆற்றைத் தொட்டுவிட்டால் போதும். மீதியை ஆறே அரித்து அகலமாக்கிக்கொள்ளும். விக்ஸ்பர்க் ஆறில்லாத ஊராகிவிடும். 1862 கோடையில் ஒரு முறை வெட்டினார்கள். 1863-ன் தொடக்கத்தில் ஜெனரல் யுலிஸஸ் கிராண்ட் மறுபடி வெட்ட வைத்தார். படைவீரர்களும், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களும் சேற்றில் நின்று காய்ச்சலில் மடிந்தார்கள். ஆறு உள்ளே வரவே இல்லை. கால்வாயின் தலைப்பை அவர்கள் வைத்த இடம் நீரோட்டம் வந்து மோதும் இடமாக இல்லாமல், சுழன்று தேங்கும் இடமாக இருந்தது. மார்ச்சில் வெள்ளம் வந்து தலைப்பணையை உடைத்து முகாமை மூழ்கடித்தது. வேலையைக் கைவிட்டார்கள்.

1876 ஏப்ரல் 26 அன்று மிசிசிப்பி அந்த முனையின் கழுத்தைத் தானாகவே அறுத்துக்கொண்டு நேரே பாய்ந்தது. போர் முடிந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய வளைவு தூர்ந்துபோக, படகுத்துறையை நம்பிப் பிழைத்த விக்ஸ்பர்க் ஆற்றை விட்டு ஒதுங்கியது. கடைசியில் அரசுப் பொறியாளர்கள் யாசூ ஆற்றைத் திருப்பிக் கொண்டுவந்து, 1903-ல் நகரின் வாசலுக்குத் தண்ணீர் சேர்த்தார்கள்.

ஆற்றின் வளைவை ஒரு வடிவமாகப் பார்த்தால் கிராண்டின் கணக்கு சரி. ஆனால் வளைவு ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலை. எந்த இடத்தில் வெட்டும், எந்த இடத்தில் நிரப்பும் என்பதற்கு ஆற்றுக்கென்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் படிக்க கீழ் மிசிசிப்பியைப் போல இன்னொரு ஆறு கிடைக்காது. அமெரிக்கப் பெருநிலப்பரப்பின் ஐந்தில் இரண்டு பங்கில் பெய்யும் மழை இந்த ஒரே தடத்தில் வடிகிறது. ஏறக்குறைய 200 ஆண்டுகளாக அளந்தும், வரைந்தும், வெட்டியும், கட்டியும் வந்திருக்கிறார்கள். ஆறு என்ன செய்யும் என்பதற்கும் மனிதன் குறுக்கிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கே எழுத்தில் சான்று இருக்கிறது.

ஒஹாயோ ஆறு வந்து சேரும் கைரோ என்ற ஊரிலிருந்து கீழ் மிசிசிப்பி தொடங்குகிறது. அங்கே ஆற்றின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 85 மீட்டர் உயரம். அங்கிருந்து கடலுக்கு ஆற்றுவழித் தூரம் 1,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு 6 சென்டிமீட்டர்கூடச் சரிவில்லை. அந்தச் சரிவில்தான் வினாடிக்குச் சராசரியாக 17,000 கன மீட்டர் அளவுக்கு நீர் கடலுக்குப் போகிறது. மந்தமான சரிவில் ஆறு சோம்பி, கண்ட தடைகளையெல்லாம் சுற்றி வளைகிறது என்ற விளக்கத்தை நாம் பள்ளியிலேயே கேட்டிருப்போம். அது சரியில்லை. தடை எதுவுமே இல்லாத பனிப்பாறையின் வழுவழுப்பான முதுகில் உருகி ஓடும் நீரும் வளைந்துதான் ஓடுகிறது. கரையே இல்லாத நடுக்கடலில் ஓடும் வளைகுடா நீரோட்டமும் வளைந்து நெளிகிறது. ஆற்றில் நேர்ப்போக்குதான் அபூர்வம். தன் அகலத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குமேல் நேராக ஓடும் இயற்கை ஆற்றைக் காண்பது அரிது என்று எழுதியவர் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் லூனா லியோபோல்ட்.

ஒரு வளைவுக்குள் நீர் என்ன செய்கிறது? திரும்பும்போது நீர் வெளிக்கரைப் பக்கம் ஒதுங்குகிறது. அதனால் அங்கே நீர்மட்டம் உள்கரையைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது. உயர்ந்து நிற்கும் நீரின் அழுத்தம் மேலிருந்து அடிவரை எல்லா ஆழத்திலும் உள்கரையை நோக்கித் தள்ளுகிறது. மேற்பரப்பு நீர் வேகமாக ஓடுவதால் அந்தத் தள்ளலுக்குப் பணியாமல் வெளிக்கரைக்கே போகிறது. அடியில் ஓடும் நீருக்கு அந்த வேகம் இல்லை, தரையோடு உரசி உரசி அது தளர்ந்துவிட்டது. அதனால் அழுத்தத்துக்குப் பணிந்து உள்கரைப் பக்கம் நகர்கிறது. மேல்நீர் வெளியே, கீழ்நீர் உள்ளே: இரண்டும் சேர்ந்து, ஆறு முன்னால் ஓடிக்கொண்டே சுருள் சுருளாகப் புரள்கிறது. வெளிக்கரையில் கீழே பாய்ந்து அடிமண்ணைக் கிளறுகிறது; கிளறிய மணலின் ஒரு பகுதியை அடித்தளம் வழியே உருட்டி உள்கரைச் சரிவில் ஏற்றிவிடுகிறது.

வடிகட்டாத தேநீரைக் கரண்டியால் சுற்றிக் கலக்கிவிட்டுப் பாருங்கள். சுழலும்போது தேயிலைத் தூள் விளிம்புக்கு வீசப்படும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கரண்டியை எடுத்த சில விநாடிகளில் தூள் அடியில் நடுவே வந்து குவிகிறது. ஆற்றில் நடப்பதும் இதுவே. கெல்வின் பிரபுவின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் இந்தச் சுருளோட்டத்தை 1876-ல், விக்ஸ்பர்க் ஆற்றை இழந்த அதே ஆண்டில், விளக்கினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1926-ல், ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் தேநீர்க் கோப்பையை வைத்தே ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் அவர் இன்னும் ஓரடி முன்னே போனார். நீருக்கு உந்தம் இருப்பதால் அரிப்பின் உச்சம் வளைவின் நடுவில் விழாமல் சற்றுக் கீழே தள்ளி விழும். ஆகவே வளைவுகள் அகல்வதோடு நில்லாமல் ஆற்றுப்போக்கிலேயே கீழ்நோக்கி நகர வேண்டும் என்றும், பெரிய ஆற்றுக்குப் பெரிய வளைவும் சிறிய ஆற்றுக்குச் சிறிய வளைவும் அமைய வேண்டும் என்றும் சொன்னார். ஆற்றங்கரையில் நடந்தே தெரிந்துகொள்ளக்கூடிய இந்த உண்மையை அவ்வளவு பெரிய மூளை பொருட்படுத்தி எழுதியதை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.

அவர் சொன்ன இரண்டாவது விதி வியப்பூட்டும் அளவுக்கு எங்கும் பொருந்துகிறது. ஒரு முழு வளைவுச் சோடியின் நீளம் ஆற்றின் அகலத்தைப்போல் 10 முதல் 14 மடங்கு இருக்கும். ஒரு மீட்டர் அகல ஓடையில் அது பத்துப் பன்னிரண்டு மீட்டர். ஒரு கிலோமீட்டர் அகல மிசிசிப்பியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அளவுக்குறி இல்லாமல் இரண்டின் வரைபடங்களையும் அருகருகே வைத்தால் எது ஓடை, எது பேராறு என்று சொல்வது கடினம்.

வெளிக்கரையில் மடு, உள்கரையில் மணல்திட்டு, ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நீரோட்டம் கரை மாறும் இடத்தில் ஆழம் குறைந்த கடவு. இந்த மூன்றும் மாறி மாறி வருவதே வளையும் ஆற்றின் தளம். நீராவிப் படகோட்டிகள் மனப்பாடம் செய்தது கரையில் தெரிந்த ஊர்களையும் மரங்களையும் வைத்து இந்தக் கடவுகளைத்தான். படகு தரைதட்டுவது அங்கேதான். மடுவின் ஆழத்துக்கு நியூ ஆர்லியன்ஸ் நகரின் அல்ஜியர்ஸ் முனை நல்ல சான்று. செங்குத்தாகத் திரும்பும் அந்த வளைவில் ஆறு சுமார் 60 மீட்டர் ஆழம் தோண்டி வைத்திருக்கிறது. கடல் நூறு மைலுக்கு அப்பால் இருக்க, ஆற்றின் அடி கடல்மட்டத்துக்கு வெகு கீழே கிடக்கிறது. இதனால் ஒரு தொல்லையும் உண்டு. நீர்வரத்து குறையும் ஆண்டுகளில் கடலின் உப்புநீர், கனம் கூடியதால், ஆற்றின் அடியோடு ஊர்ந்து மேலே ஏறுகிறது. 2023-ன் வறட்சியில் அது குடிநீர் எடுக்கும் இடங்களை நெருங்க, பொறியாளர்கள் ஆற்றுத்தரையில் மண்ணைக் கொட்டித் தடுப்பு எழுப்பினார்கள்.

கரை சரிவது வெள்ளத்தின் உச்சத்தில்தான் என்று தோன்றும். பெரும்பாலும் அது வெள்ளம் வடியும்போது நடக்கிறது. நீர் உயர்ந்திருக்கும் நாட்களில் ஆறு கரையின் அடிவாரத்தைக் குடைந்துவிடும். கரை மண்ணும் நீரைக் குடித்துக் கனத்திருக்கும். ஆனால் ஆற்றுநீரே எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்து நிற்பதால் கரை தாங்கும். மட்டம் மளமளவென்று இறங்கினால் முட்டு போய்விடும், கனம் போகாது. கரைமேல் முதலில் ஒரு விரற்கடை அகலத்தில் பிளவு தெரியும். பிறகு மரத்தோடு சேர்ந்து ஒரு துண்டு நிலம் பின்னோக்கிச் சாய்ந்து வழுக்கி நீருக்குள் இறங்கும். கரைக்குக் காப்புகள் கட்டுவதற்கு முந்தைய மிசிசிப்பியில் வளைவுகள் இப்படி ஆண்டுக்குப் பல பத்து மீட்டர் நகர்ந்தன. ஆற்றங்கரைப் பருத்தித் தோட்டக்காரர் ஒருவர் தன் வாழ்நாளிலேயே வீட்டை உள்தள்ளிக் கட்ட வேண்டியிருந்தது.

அரிப்பு மட்டும் இருந்தால் ஆறு அகன்றுகொண்டே போய்ப் பல கால்களாகப் பிரிந்து சிதறிவிடும். வளைவு வளைவாகவே இருக்க வேண்டுமானால், ஒரு கரை எவ்வளவு தேய்கிறதோ அவ்வளவு மறுகரை வளர வேண்டும். இதை ஆய்வகத்தில் செய்துகாட்டுவது எதிர்பாராத அளவுக்குக் கடினமாக இருந்தது. 1940-களில் விக்ஸ்பர்க் நீர்வழி ஆய்வு நிலையத்தில் ஃப்ரீட்கின் என்ற பொறியாளர் பெரிய மணல்தொட்டிகளில் ஆறுகளை ஓடவிட்டார். வளைவுகள் அழகாக உருவாயின. ஒரு வெளிக்கரையில் அரிபட்ட மண் பெரும்பாலும் அதே பக்கத்தில் கீழே உள்ள அடுத்த திட்டில் போய்ச் சேர்வதையும் அவர் கண்டார். ஆனால் வெறும் மணலில் வளைவு நிலைக்காமல் கடைசியில் கலைந்துவிடும். 2009-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த குழுவினர் ஒரு வழி கண்டார்கள். தொட்டியின் மணலில் குதிரைமசால் விதைகளைத் தூவி முளைக்கவிட்டார்கள். அந்தப் பிஞ்சு வேர்கள் கரைக்குக் கொடுத்த கொஞ்சப் பிடிப்பும், கூடவே கலந்த நுண்ணிய துகள்கள் திட்டின் பின்புறத்தை அடைத்ததும் சேர்ந்து, ஆறு ஒற்றைத் தடமாக வளைந்து நகர்ந்துகொண்டே இருந்தது. புதுத்திட்டில் முதலில் குடியேறும் வில்லோ, காட்டன்வுட் மரங்கள் மிசிசிப்பிக்குச் செய்யும் வேலையும் இதுதான். வளையும் ஆற்றை உருவாக்குவதில் நீருக்கும் மணலுக்கும் உள்ள பங்கு செடிக்கும் உண்டு என்பதை நாம் இவ்வளவு தாமதமாகத்தான் உறுதி செய்துகொண்டோம்.

வளைவு வளர வளர அதன் கழுத்து ஒடுங்குகிறது. மேலிருந்து ஒரு மடுவும் கீழிருந்து ஒரு மடுவும் ஒன்றையொன்று நோக்கி அரித்து வந்து, ஒரு வெள்ளத்தில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. முப்பது கிலோமீட்டர் சுற்றி இறங்கிய நீர் அதே உயரத்தை இப்போது ஒரு கிலோமீட்டரில் இறங்குகிறது. சரிவு பல மடங்கு கூடுவதால் புதுத்தடம் நாட்கணக்கில் அகன்றுவிடும். பழைய வளைவின் இரு வாயையும் மணல் அடைத்து, நடுவில் குதிரைக் குளம்பு ஏரி மிஞ்சும். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் சிக்கோ ஏரி அப்படிப் பிறந்ததுதான். ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீளமுள்ள அது, வட அமெரிக்காவின் குதிரைக் குளம்பு ஏரிகளில் மிகப் பெரியது. இந்த ஏரிகளுக்கு வெள்ளந்தோறும் வருவது நுண்ணிய களிமண் மட்டுமே. நூற்றாண்டுகளில் அது முழுக்கப் படிந்து, வளைந்த களிமண் ஆப்பு ஒன்று நிலத்துக்குள் நிற்கும். பிற்காலத்தில் ஆறு திரும்பி அந்தப் பக்கம் வந்தால், மணலைக் கரைப்பதுபோல் அதைக் கரைக்க முடியாது. அங்கே முட்டி, உருக்குலைந்து, வேறு பக்கம் திரும்புகிறது. தன் பழைய வளைவுகளே புதிய வளைவுக்குத் தடையாகின்றன. பாடநூல் படங்களைப்போல ஒழுங்கான அலைகளாக மிசிசிப்பி இல்லாததற்கு இது ஒரு காரணம்.

நிலவுரிமைக்காரர்களுக்கும் அரசுகளுக்கும் இதெல்லாம் வழக்கு விஷயம். இலினாய் மாநிலத்தின் முதல் தலைநகரமான கஸ்காஸ்கியா 1881 வெள்ளத்தில் அழிந்தது. மிசிசிப்பி, பக்கத்துச் சிற்றாறான கஸ்காஸ்கியாவின் தடத்தில் புகுந்து அதையே தன் தடமாக்கிக்கொள்ள, ஊர் இருந்த நிலம் ஆற்றுக்கு மேற்கே போய்விட்டது. மாநிலமெல்லாம் கிழக்குக் கரையில் இருக்க, அந்தத் துண்டுக்கு இன்றும் மிசௌரி வழியாகத்தான் போக வேண்டும். ஆறு மெல்ல மெல்ல நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். ஒரேயடியாகத் தடம் மாறினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892-ல் நெப்ராஸ்காவுக்கும் அயோவாவுக்கும் இடையிலான வழக்கில் வைத்த விதி இது. ஆகவே மிசிசிப்பி மாநிலத்தின் எல்லைக்கோட்டை வரைபடத்தில் தொடர்ந்து பார்த்தால், அது இன்றைய ஆற்றை விட்டு அங்கங்கே விலகி, நீரே இல்லாத வளைவுகளைச் சுற்றிவிட்டு வருவது தெரியும். இத்தகைய வழக்கு பழையதும்கூட. இன்றைய துருக்கியில் ஓடும் மெண்டரெஸ் ஆறு வயல்களின் மூலைகளை அரித்து எல்லையை மாற்றினால் ஆற்றின்மேலேயே வழக்குத் தொடுப்பார்கள் என்றும், தண்டத்தை அதன் ஓடத்துறைகளில் வசூலாகும் கட்டணத்திலிருந்து கட்டுவார்கள் என்றும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். ஆற்றின் வருமானத்திலிருந்தே ஈடு கொடுத்த அந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது.

ஆறு எங்கெல்லாம் ஓடியிருக்கிறது என்பதை ஒரே படத்தில் காட்டியவர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் அறிஞர் ஹெரால்ட் ஃபிஸ்க். மிசிசிப்பி ஆற்று ஆணையத்துக்காக அவர் 1944-ல் அளித்த அறிக்கைக்கு, விமானப் படங்களோடு ஏறத்தாழ 16,000 துளைகளின் மண் விவரங்களும் அடிப்படை. ஒவ்வொரு காலத்துத் தடத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து, பச்சை, ஆரஞ்சு, ஊதா, இளஞ்சிவப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அவர் வரைந்த தாள்களை இன்று ஓவியமாகவே சட்டமிட்டு மாட்டுகிறார்கள். அவர் கொடுத்த காலவரிசையில் பலவற்றைப் பிற்கால ஆய்வுகள் திருத்திவிட்டன. ஆனால் அடிப்படைச் செய்தி அசையவில்லை: அந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றுப்பட்டையின் எந்த வயலில் நின்றாலும், என்றோ ஒருநாள் ஆறு ஓடிய இடத்தில்தான் நிற்கிறீர்கள். ஆற்றங்கரை, வயல், சதுப்பு என்று நாம் பிரித்துச் சொல்பவை எல்லாம் ஆறு வெவ்வேறு காலங்களில் போட்ட மண்.

வெள்ளத்தின் போக்கையும் அந்த மண்ணே தீர்மானிக்கிறது. கரை தாண்டி வழியும் வெள்ளம் வேகம் இழந்ததும் கனமான மணலை முதலில், ஆற்றோரத்திலேயே, போட்டுவிடுகிறது. நுண்ணிய களி வெகுதூரம் போய்ப் படிகிறது. விளைவாக, மிசிசிப்பியின் இரு கரையிலும் இயற்கையே எழுப்பிய மேட்டு விளிம்பு. அதற்குப் பின்னால் தாழ்ந்த சதுப்பு. பள்ளத்தாக்கின் உயர்ந்த நிலம் ஆற்றை ஒட்டியது, தாழ்ந்த நிலம் ஆற்றை விட்டு விலகியது. 1718-ல் நியூ ஆர்லியன்ஸை நிறுவிய பிரெஞ்சுக்காரர்கள் அந்த மேட்டு விளிம்பில்தான் வீடு கட்டினார்கள். 2005-ல் கத்ரீனா புயலில் நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியபோது, பழைய பிரெஞ்சுக் குடியிருப்பில் பெரும்பகுதி நனையவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொறியாளர்கள் இந்த இயற்கைக் கரைமேல் மண்கரை எழுப்பி, ஆற்றை இருபுறமும் அடைத்தால் போதும் என்று நம்பினார்கள். 1927 ஏப்ரல் 21 அன்று மவுண்ட்ஸ் லாண்டிங் என்ற இடத்தில் கரை உடைந்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் மொத்தம் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் நிலம் மூழ்கியது, லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். உடைப்பு எப்போதும் கரையின் தலைக்குமேல் நீர் வழிந்துதான் ஏற்படும் என்பதில்லை. கரையின் உள்புறம், ஊர்ப்பக்கம், தரையிலிருந்து திடீரென நீர் கொப்பளிக்கும். பழைய மணல்திட்டு ஒன்று மெல்லிய களிமண் போர்வைக்கடியில் கரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நீண்டு கிடந்தால், வெள்ள அழுத்தம் அந்த மணல் வழியே வந்து களிமண் மெலிந்த இடத்தில் பீறிடும். தெளிந்த நீர் வந்தால் காவலுக்கு ஆள் நிறுத்தினால் போதும். கலங்கி, மணலைக் கக்கி, வாயைச் சுற்றிக் கூம்பாகக் குவித்தால், கரையின் அடி குடைபட்டு வருகிறது என்று பொருள். அந்த மணல் ஊற்றை யாரும் அடைப்பதில்லை. அடைத்தால் வேறு இடத்தில் பீறிடும். மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் கிணறுபோல் ஏற விடுகிறார்கள். உள்ளே நீர்மட்டம் உயர உயர வெளியழுத்தம் சமன்பட்டு, மணல் வருவது நிற்கும். நீர் மட்டும் தெளிந்து வழியும். எந்த இடத்தில் ஊற்று வரும் என்று முன்கூட்டித் தேட இன்றும் பார்ப்பது பழைய திட்டுகளும் களிமண் ஆப்புகளும் புதைந்திருக்கும் இடங்களைத்தான்.

1927-க்குப் பிறகு மனப்போக்கு மாறியது. கரைகளோடு வடிகால் வழிகளும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். கூடவே, மிசிசிப்பி ஆற்று ஆணையத்தின் தலைவரான ஜெனரல் ஹார்லி ஃபெர்குசன் வளைவுகளை வெட்டிவிடும் வேலையை 1932-ல் தொடங்கினார். 1942-க்குள் 16 வெட்டுகள் ஏற்பட்டு, ஆறு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் குறுகியது. வெள்ளமட்டம் சில ஊர்களில் மீட்டர் கணக்கில் தாழ்ந்தது. அந்தப் பலனை மறுக்க முடியாது. ஆனால் நீளத்தை வீண் என்று கருதியதே தவறு. அத்தனை நீரையும் மணலையும் அந்தச் சரிவில் கொண்டுபோக ஆறு தனக்கென்று அமைத்துக்கொண்ட அளவு அது. நீளத்தைப் பறித்தால் சரிவு கூடும். வெட்டுக்கு மேலே தரை ஆழமாகும், கீழே மணல் குவியும், இழந்த நீளத்தைத் திரும்பப் பெற மிச்ச வளைவுகளில் கரை வேகமாகச் சரியும். அதுவே நடந்தது. அதைத் தடுக்க, கான்கிரீட் பலகைகளைக் கம்பியால் கோத்துப் பாய்போல விரித்து, கரைச்சரிவிலிருந்து மடுவின் அடிவரை இறக்கினார்கள். 1948-ல் இதற்கென்றே கட்டிய மிதவைத் தொழிற்சாலை ஒன்று நீர் குறையும் மாதங்களில் ஆண்டுதோறும் வளைவு வளைவாகப் போய்ப் பாய் விரித்தது.

அதனால் கீழ் மிசிசிப்பி இன்று ஏறக்குறைய 1940-களின் வடிவிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. புதிய குதிரைக் குளம்பு ஏரி பிறப்பதில்லை. பழையவை மட்டும் தூர்ந்துகொண்டே வருகின்றன. இரண்டு மீட்டருக்குமேல் வளரும் முதலைக் கெண்டை என்ற பழங்கால மீன், வெள்ளம் ஏறிய புல்வெளியில்தான் முட்டையிடும். கரைகளால் துண்டிக்கப்பட்ட சதுப்புகளில் அது பல இடங்களில் அற்றுப்போனது.

சரிவின் கணக்கு இன்னும் பெரிய அளவிலும் நடக்கிறது. 1831-ல் ஹென்றி ஷ்ரீவ் என்ற நீராவிப் படகுத் தலைவர், கப்பல் பயணத்தைக் குறைப்பதற்காக லூசியானாவில் டர்ன்புல் வளைவின் கழுத்தை வெட்டினார். தூராமல் மிஞ்சிய பழைய வளைவின் பாதி, 'பழைய ஆறு' என்ற பெயரோடு, அச்சாஃபலாயா என்ற கிளையாற்றுக்கு வாய்க்காலாக நின்றது. அந்தக் கிளையில் அடைந்துகிடந்த மரக்கட்டைக் குவியலை 1839-லிருந்து அகற்றியதும், அது வேகமாக அகலத் தொடங்கியது. மிசிசிப்பி வழியாகக் கடல் சுமார் 500 கிலோமீட்டர். அச்சாஃபலாயா வழியாக அதில் பாதிகூட இல்லை. ஆறு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் ஐயமே இல்லை. பேடன் ரூஜ், நியூ ஆர்லியன்ஸ் நகரங்கள் ஆறில்லாமல் போகாதிருக்க, 1963-ல் 'பழைய ஆறு' கட்டுப்பாட்டு மதகுகள் செயல்படத் தொடங்கின. அந்த இடத்தில் சேரும் நீரில் 30 விழுக்காடு அச்சாஃபலாயாவுக்கு, 70 விழுக்காடு மிசிசிப்பிக்கு என்பது சட்டம். 1973 வெள்ளம் மதகின் அடியைக் குடைந்து பக்கச் சுவரைச் சாய்த்தது. மயிரிழையில் தப்பியது. 1986-ல் துணை மதகு ஒன்று சேர்த்தார்கள்.

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கதை பழகியது. காவிரியைவிடக் கொள்ளிடம் நேரானது, சரிவு கூடியது. அது நீரையெல்லாம் இழுத்துக்கொள்ள, தஞ்சை வயல்கள் காயத் தொடங்கியதால்தான் 1836-ல் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆறு விரும்பாத வழியில் அதை நிறுத்திவைக்கும் எந்தக் கட்டுமானமும் கட்டி முடித்த நாளோடு முடிந்த வேலையாவதில்லை.

கைரோவுக்குச் சற்று மேலே, இலினாய் மாநிலத்தின் தென்கோடியில், நாய்ப்பல் வளைவு என்று ஒன்று இருக்கிறது. அதன் கழுத்தைக் காத்துவந்த லென் ஸ்மால் என்ற மண்கரை 1993-லும் 2011-லும் உடைந்து, 2016 ஜனவரியில் மறுபடி உடைந்தது. இந்த முறை பழுது பார்க்கவில்லை. 2019 வெள்ளத்தில் மாதக்கணக்கில் ஆறு அந்த உடைப்பு வழியே குறுக்கே பாய்ந்து, சோளமும் சோயாவும் விளைந்த வயல்களில் மணல்மேடுகளைக் குவித்து, நடுவில் பெரும் பள்ளங்களைத் தோண்டியது. சில விவசாயிகள் நிலத்தின் பயிர் உரிமையை அரசிடம் விற்றுவிட்டார்கள். அந்த நிலம் இனி ஈரநிலம். நீர் தாழ்ந்ததும் சரக்குப் படகுகள் வழக்கம்போல் வளைவைச் சுற்றித்தான் போகின்றன. ஆனால் ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் ஆற்றின் ஒரு பங்கு குறுக்குவழியில் போகிறது. கழுத்து முழுதாக அறுபட்டால் வேகம் கூடிக் கப்பல் தடம் குலையும் என்பதால், பொறியாளர்கள் அங்கே பாறைகளை அடுக்கி அந்த வழியை ஆழப்படாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.